ஆய்வக எலிக்கு வெறும் உமி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நெல்லை வட்டாரக் கல்லூரிகளில் மூலிகை மருந்துகளை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்ததாகச் செய்திகள் வருகின்றன. எந்த மூலிகை, என்ன அளவு, சர்க்கரை எவ்வளவு குறைந்தது, கல்லீரல் தப்பியதா என்றெல்லாம் படிக்கிறோம். அந்த எலிகள் எந்தப் பெட்டியில், எதன்மேல் படுத்து, எதோடு சேர்ந்து வாழ்ந்தன என்பது செய்தியில் வருவதில்லை. ஆய்வேடுகளிலும் அது பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்களில் சிலர் கால்நடை மருத்துவர்கள், சிலர் மருந்தியல் கற்பிப்பவர்கள், சிலர் சோதனை விலங்குகளை வைத்திருக்கும் அனிமல் ஹவுஸில் அன்றாடம் பெட்டி கழுவித் தீனி போடுகிறவர்கள். எலியில் சோதிக்கலாமா கூடாதா என்பது தனி விவாதம். அதற்குள் இங்கே போகவில்லை. அனுமதி பெற்று ஓர் எலியைப் பயன்படுத்துகிறோம் என்றால், அது உயிரோடு இருக்கும் நாட்களில் எலியாக வாழ வழி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்த உயிருக்கும் கொடுமை, கிடைக்கும் முடிவும் கோணல். மருத்துவக் கல்லூரி, அரசு சித்த மருத்துவக் கல்லூரி, ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி என்று எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும் ஊர் இது. செய்யத் தெரிந்த ஆள் இல்லை என்று இங்கே யாரும் சொல்ல முடியாது.

வழக்கமான பெட்டியைப் பாருங்கள். பாலிபுரொப்பிலீனால் ஆனது, எலிக்கு ஏறக்குறைய 43 × 27 × 15 செ.மீ., சுண்டெலிக்கு 29 × 22 × 14 செ.மீ. மேலே கம்பி மூடி, அதன் பள்ளத்தில் தீனிக் கட்டி, பக்கத்தில் சாய்த்து வைத்த தண்ணீர்ப் புட்டி. அடியில் உமி. வேறு எதுவும் கிடையாது. பகலில் பார்த்தால் எல்லாம் அமைதியாகத் தூங்கும். குறை ஒன்றும் தெரியாது. இரவில் மங்கலான சிவப்பு விளக்கில் பார்க்க வேண்டும். ஒரு சுண்டெலி மூடியின் ஒரே கம்பியை, ஒரே இடத்தில், நிறுத்தாமல் கடித்துக்கொண்டிருக்கும். இன்னொன்று ஒரே மூலையில் எழும்பி எழும்பிக் குதிக்கும். சில பெட்டிகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மீசை மழித்தது போல இருக்கும். அந்த ஒன்று மற்றவற்றின் மீசையைக் கடித்து எடுத்திருக்கும். கம்பி கடிப்பதும் மூலையில் குதிப்பதும் விளையாட்டு அல்ல. தோண்டவும் கூடு கட்டவும் ஒளியவும் கறண்டவும் பிறந்த பிராணிக்கு இதில் ஒன்றுமே செய்ய வழியில்லாதபோது வரும் நடத்தைகள் அவை.

சூழல் மாறினால் எலியின் உடலும் மூளையும் மாறும் என்பது புதிய செய்தியும் அல்ல. 1947-லேயே கனடாவின் உளவியலாளர் டொனால்ட் ஹெப், வீட்டில் திரிய விட்டு வளர்த்த எலிகள் கூண்டு எலிகளைவிடப் புதிர்களை நன்றாகத் தீர்த்ததைப் பதிவு செய்தார். 1960-களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில், துணையும் பொருள்களும் உள்ள பெரிய கூண்டில் வளர்ந்த எலிகளின் மூளைப் புறணி கனமாக இருப்பதைக் கண்டார்கள். அப்படியானால் வெறும் பெட்டியில் வளர்ந்த எலியை ‘சாதாரண எலி’ என்று எடுத்துக்கொண்டு மருந்தை அளப்பதே யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

முதலில் குளிர். கத்திரி வெயிலில் வேகும் நம் ஊரில் குளிரைப் பற்றிப் பேசுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் சோதனை அறையில் ஏ.சி. 22 டிகிரியில் ஓடுகிறது. விதிகளும் மனித வசதியும் அப்படி. சுண்டெலியின் உடலுக்கு ஒத்த வெப்பம் சுமார் 30 டிகிரி. 22-இல் அது, மார்கழி விடியலில் ஆற்றில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நிற்கும் ஆளைப் போல, நாள் முழுவதும் குளிரை எதிர்த்தே உயிர் வாழ்கிறது. கூடுதலாகத் தின்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, தின்றதில் பெரும்பகுதியைச் சூட்டுக்கே எரிக்கிறது. உடல் எடை, ரத்தச் சர்க்கரை, காய்ச்சல், கட்டி வளர்ச்சி என எதை அளந்தாலும் இந்தக் குளிர் அதற்குள் கலந்திருக்கும். ஏ.சி.யை 30-க்கு ஏற்றினால் பெட்டியில் வாடை கூடும், ஆண்கள் சண்டையிடும், வேலை செய்பவர்களும் தாங்க மாட்டார்கள். கூடு கட்டப் பொருள் கொடுத்தால் போதும். தனக்கு வேண்டிய சூட்டைச் சுண்டெலியே செய்துகொள்ளும்.

எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு துண்டுப் பஞ்சோ ஒரு டிஷ்யூவோ போட்டுவிட்டு ‘என்ரிச்மென்ட் (சூழலை வளமாக்கும் பொருள்) கொடுத்தோம்’ என்று எழுதிக்கொள்வது வீண். 20 முதல் 24 டிகிரி அறையில் ஒரு பெட்டிக்கு 8 முதல் 10 கிராம் வேண்டும். அதற்குக் குறைந்தால் தட்டையான மெத்தைதான் அமையும், கூரை மூடாது. எடை போடத் தராசு தேடி அலைய வேண்டாம்: 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம். ஆகவே இரண்டு தாள் அளவு. அச்சடிக்காத, பசை ஒட்டாத பழுப்பு கிராஃப்ட் தாளை 4, 5 மி.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, கையால் நன்றாகக் கசக்கிச் சுருள விட்டுக் கொடுப்பது மிகச் சிறந்தது. சுருள் இல்லாத நேர்ப்பட்டை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. சுவர் எழும்பாமல் சரிந்துவிடும். இதோடு வாசனை போடாத டிஷ்யூ இரண்டு வைத்தால் அதைக் கிழித்து உள்ளே மெத்தையாக்கிக்கொள்ளும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

மாலையில் வைத்தால் மறுநாள் காலையில் பார்க்கலாம். பட்டைகளை ஒவ்வொன்றாகப் பல்லால் இழுத்து ஒரு மூலைக்குக் கொண்டுபோய், நடுவில் உட்கார்ந்து, தன்னைச் சுற்றிச் சுற்றித் தள்ளிச் சுவரெழுப்பி, டிஷ்யூவை நாராகக் கிழித்து உள்ளே செருகி, கடைசியில் மேலே மூடியிருக்கும். பக்கவாட்டில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வாசல். உள்ளே நான்கு சுண்டெலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இந்தக் கூட்டுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் முறை இருக்கிறது: பொருளைத் தொடவே இல்லையென்றால் 1, கொஞ்சம் கிழித்து, பாதிக்கு மேல் அப்படியே விட்டிருந்தால் 2, பெரும்பகுதியைக் கிழித்தும் கூடாகச் சேர்க்கவில்லையென்றால் 3, தட்டையான கூடு 4, உடல் உயரத்துக்கு மேல் சுவர் எழும்பிய கூடு 5. பத்து வினாடியில் எழுதிவிடலாம். நேற்று 5 போட்ட பெட்டி இன்று 2-க்கு இறங்கினால் வலி, காய்ச்சல், மருந்தின் நச்சு என்று ஏதோ இருக்கிறது. எடை குறைவதற்கு முன்பே இது காட்டிக்கொடுக்கும். அவசரமாகப் பார்க்க வேண்டுமானால், கூடு கட்டியிருக்கும் பெட்டியில் கூட்டுக்கு எதிர் மூலையில் புதிய பொருள் சிறு துண்டு போட்டு 10 நிமிடம் காத்திருங்கள். நலமாக உள்ள சுண்டெலி அதை எடுத்துப் போய்க் கூட்டில் சேர்த்துவிடும்.

பஞ்சும் நூலும் பற்றி ஓர் எச்சரிக்கை. மருத்துவப் பஞ்சை உருட்டிப் போடுவதும் தறிக் கழிவு நூலைப் போடுவதும் நம் பக்கம் உண்டு. நீண்ட இழை குட்டியின் கால்விரலிலோ தொடையிலோ சுற்றிக்கொண்டால் இறுகி, ரத்தம் நின்று, விரல் கறுத்து விழும். தேங்காய் நாரிலும் இந்த ஆபத்து உண்டு. இழை எதுவாயிருந்தாலும் இழுத்தால் உடனே அறுந்துபோக வேண்டும். அறாதது பெட்டிக்குள் கூடாது.

பனை நிறைந்த சீமை என்பதால் ஓலையைக் கேட்பவர்கள் உண்டு. நல்ல பொருள்தான்; எலிக்குக் கடிக்கவும் கிழிக்கவும் கூடு கட்டவும் உதவும். ஆனால் காய்ந்த, சாயம் போடாத ஓலையாக இருக்க வேண்டும். ஈர்க்கை உருவிவிட்டு, 5 மி.மீ. அகலம், 10 செ.மீ. நீளத்தில் கிழித்து, துணிப்பையில் ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி), முழுக்க உலர்த்திய பிறகே உள்ளே போக வேண்டும். மட்டையைப் போடவே கூடாது. அதன் கருக்கு பாதத்தையும் வாயையும் கிழிக்கும். புதிய பொருள் எதையும் முதலில் இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் எலிகளுக்குக் கொடுத்து இரண்டு தலைமுறை பார்த்துவிட்டுத்தான் சோதனை எலிக்குக் கொடுக்க வேண்டும். நச்சுத்தன்மைச் சோதனை என்றால் ஓலை வேண்டாம், தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி உமி. அம்பாசமுத்திரம் பக்கத்து ஆலைகளிலிருந்து மூட்டையாக வருகிறது, விலை குறைவு, ஆகவே அதுதான் படுக்கை. உமியை அப்படியே எதிர்க்கவில்லை. ஆனால் அதன் குணத்தைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். உமி சிறுநீரை நன்றாக உறிஞ்சாது. ஈரம் அடியில் தங்கும். தூசி மூக்கையும் கண்ணையும் உறுத்தும். ஆலைக் கிட்டங்கியில் காட்டு எலி சிறுநீர் கழித்த உமி நோயைக் கொண்டுவரும். எல்லாவற்றையும்விடக் கவனிக்காமல் விடப்படுவது குருணை. உமியோடு நொறுங்கிய அரிசி எப்போதும் கலந்திருக்கும். இரவு முழுக்கப் பட்டினி போட்டு மறுநாள் ரத்தச் சர்க்கரை எடுக்கும் சோதனையில், தீனியை மட்டும் எடுத்துவிட்டு எலியை அதே பெட்டியில் விட்டால், அது இரவெல்லாம் உமியைக் கிளறிக் குருணையைப் பொறுக்கித் தின்றுகொண்டிருக்கும். காலையில் எடுக்கும் அளவு பட்டினி அளவே அல்ல. மூலிகை வேலை செய்யவில்லை என்றோ செய்தது என்றோ அதை வைத்து எழுதுகிறார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். உமியைச் சுளகில் புடைத்து, பிறகு சல்லடையில் சலித்துக் குருணையையும் தவிட்டுத் தூசியையும் நீக்குங்கள். துணிப்பையில் முக்கால் பங்குக்கு மேல் திணிக்காமல் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தத்தில் 30 நிமிடம். அடைத்துத் திணித்த சாக்கின் நடுவில் ஆவி போகாது. வெளியே வெந்திருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். எடுத்ததும் விரித்து உலர்த்தி, காற்றுப் புகாத டிரம்மில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் கண்ட உமியில் இரண்டே நாளில் பூஞ்சை ஏறிவிடும். கையில் எடுத்தால் கட்டியாக வரும், முகர்ந்தால் மக்கல் வாடை. அந்த மூட்டையைத் தயங்காமல் வெளியே எறியுங்கள். எலிப் பெட்டியில் 2 செ.மீ. பரப்புவது வழக்கம், 4, 5 செ.மீ. பரப்பினால் தோண்ட முடியும், அடி ஈரமும் மேலே வராது. வாரம் இருமுறை மாற்ற வேண்டும். மூடியைத் திறந்ததும் உங்கள் மூக்கில் அம்மோனியா ஏறினால், தரையோடு தரையாக மூக்கை வைத்திருக்கும் எலி அதை எப்போதோ சுவாசிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பட்டினி போடும்போது சலித்த உமியையும் நம்பாமல், தாள் பரப்பிய சுத்தமான பெட்டிக்கு மாற்றுங்கள். கூட்டை மட்டும் கூடவே கொண்டுபோங்கள். ஏ.சி. அறையில் பட்டினியோடு கூடும் இல்லாமல் விட்டால் சுண்டெலியின் உடல் வெப்பம் இறங்கி மரத்துப்போன நிலைக்குப் போய்விடும். அந்த உடலில் மருந்து வேறு மாதிரி வேலை செய்யும். சுண்டெலிக்கு இரவு முழுக்கப் பட்டினி தேவையும் இல்லை. வாய்வழி நச்சுத்தன்மைக்கான ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் 423-ஆம் வழிகாட்டியே எலிக்குத்தான் ஓரிரவு என்கிறது. சுண்டெலிக்கு 3, 4 மணி நேரம் போதும்.

உமிக்கு மாற்றாகத் தச்சுப் பட்டறை மரத்தூளை வாங்குவோர் அதைவிடப் பெரிய சிக்கலை வாங்குகிறார்கள். அதில் எந்த மரம், எந்தக் கறையான் மருந்து என்று யாருக்கும் தெரியாது. பைன், தேவதாரு வகை மரச்சுருள் எலியின் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிடும் என்பது 1967-லேயே வெளியானது. கல்லீரல் பாதுகாப்பு மருந்து சோதிக்கும் இடத்தில் அது படுக்கையாக இருந்தால் சோதனை அங்கேயே கெட்டது. மக்காச்சோளத் தக்கையில் பாலின ஹார்மோன்களைக் குழப்பும் பொருள்கள் உண்டு. கருவுறுதல் தொடர்பான ஆய்வுக்கு அது ஆகாது. வேப்பங்கட்டையைக் கறண்டக் கொடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்: மருந்துக் குணம் உள்ள எந்த மரமும் மருந்துச் சோதனைப் பெட்டிக்குள் போகக் கூடாது.

ஒளிய இடம் கொடுப்பது எளிது. சிரட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நாரையெல்லாம் சுரண்டி, ஓரத்தைத் தேய்த்து, ஒரு பக்கம் 4 செ.மீ. வாசல் வெட்டி, கொதிக்க வைத்து, ஆட்டோகிளேவ் செய்து கவிழ்த்து வைத்தால் சுண்டெலிக்குக் குடில், பல்லுக்கும் வேலை. எலியின் வெட்டுப்பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பது. கறண்ட ஏதாவது வேண்டும். கடித்துத் தேய்ந்த சிரட்டையைக் கழுவித் திரும்ப வைக்காதீர்கள். பெட்டி மாற்றும்போது பிளந்ததையெல்லாம் எறிந்துவிடலாம், நம் ஊரில் சிரட்டைக்கா பஞ்சம்? மண்சட்டியும் நல்லது. காருகுறிச்சியில் சொல்லிச் செய்து வாங்கலாம். ஆனால் மெருகு பூசாத மண் சிறுநீரைக் குடித்துக்கொள்ளும். ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றினால் ஒன்றின் வாடை இன்னொன்றுக்குப் போய்ச் சண்டை வரும். ஆகவே ஒவ்வொரு சட்டிக்கும் பெட்டி எண்ணைக் கீறிவிடுங்கள். குட்டி இருக்கும் பெட்டியில் கனமான சட்டி வேண்டாம், புரண்டால் நசுங்கிவிடும்.

குழாய்க்குப் பலர் கையில் எடுப்பது பிளம்பிங் பி.வி.சி. துண்டு. விட்டம் சுண்டெலிக்கு 50 மி.மீ., வளர்ந்த எலிக்கு 75 முதல் 90 மி.மீ. 63 மி.மீ. குழாய் இளம் எலிக்குச் சரியாக இருக்கும். அதே எலி 350 கிராம் ஆனதும் நடுவில் மாட்டிக்கொள்ளும். வெட்டிய விளிம்பை அரத்தால் ராவி, விரலால் தடவிப் பார்த்து வையுங்கள். பி.வி.சி. ஆட்டோகிளேவ் சூட்டில் உருகி வளையும். கிருமிநாசினியில் ஊற வைத்து நன்றாக அலசித்தான் பயன்படுத்த முடியும். எலி கடித்து விழுங்கத் தொடங்கிவிட்டால் அதை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் செலவானாலும் பாலிபுரொப்பிலீன் குழாய் நல்லது. பாலிகார்பனேட் வாங்குவோர் கழுவும் சோப்பைக் கவனியுங்கள். அமெரிக்காவில் பாட்ரீசியா ஹன்ட் குழுவினர் 2003-இல் வெளியிட்டது இதைத்தான்: தவறான காரச் சோப்பில் கழுவிய பாலிகார்பனேட் கூண்டுகளிலிருந்து பிஸ்பினால்-ஏ என்ற வேதிப்பொருள் கசிந்து சுண்டெலிகளின் கருமுட்டைகளைக் கெடுத்தது.

குழாய் வைத்தால் இன்னொரு பெரிய நன்மை உண்டு. வாலைப் பிடித்துத் தூக்குவதை நிறுத்திவிடலாம். 2010-இல் லிவர்பூலைச் சேர்ந்த ஜேன் ஹர்ஸ்ட்டும் ரெபெக்கா வெஸ்ட்டும் காட்டியது: வாலில் தூக்கிய சுண்டெலிகள் கையைக் கண்டால் ஒதுங்கி நடுங்கின, குழாயில் நுழைய விட்டோ குவித்த உள்ளங்கையிலோ எடுத்தவை தாமாகவே அருகில் வந்தன. பெட்டிக்குள் இருக்கும் குழாயையே சுண்டெலியின் பக்கம் சாய்த்துக் காட்டி, பின்னால் கையை மெதுவாகக் கொண்டுபோனால் உள்ளே போய்விடும். இரண்டு வாயையும் விரலால் மறைத்துத் தூக்கி மாற்றுங்கள். பழகிவிட்டால் வால் பிடிப்பதைவிட இது தாமதமாவதில்லை. நடத்தைச் சோதனை செய்பவர்களுக்கு இது ஒன்றே கணக்கை மாற்றும்.

ஆண் சுண்டெலிக்குக் குடில் கொடுத்தால் சண்டை கூடுகிறது என்று புகார் வரும். புகார் உண்மை. ஒரே வாசல் உள்ள குடிலை மூத்த ஆண் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். புட்டம், வால் அடி, விதைப்பையில் கடிக் காயம் இருக்கும். ஆண்களுக்குக் குடிலைவிடக் கூட்டுப் பொருள்தான் ஏற்றது. குடில் வைத்தே ஆக வேண்டுமென்றால் இரு பக்கமும் வாசல் வேண்டும். 21-ஆம் நாள் பால் மறந்ததும் உடன்பிறந்தவற்றையே மூன்று மூன்றாகச் சேர்த்து விட்டு, கடைசிவரை பிரிக்காதீர்கள். பிரித்துவிட்டுப் பத்து நாள் கழித்துச் சேர்த்தால் கொலைதான். பெட்டி மாற்றும்போது பழைய கூட்டில் ஈரமில்லாத பகுதியைப் புதிய பெட்டிக்கு எடுத்துப் போங்கள், சண்டை குறையும். சிறுநீர் ஊறிய படுக்கையைக் கொண்டுபோனால் சண்டை கூடும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் விளைவு நேர்மாறு. கடிபட்டதைத் தனியே எடுப்பது பெரும்பாலோர் வழக்கம். எடுக்க வேண்டியது கடிக்கிற ஒன்றைத்தான்.

பெரிய எலியின் குறை உயரம். 15 செ.மீ. பெட்டியில் 300 கிராம் எலி பின்னங்காலில் நிமிர முடியாது. எழும்பினால் மூடியில் தலை இடிக்கும், உடனே குனிந்துகொள்ளும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010 விதி எலிக்குக் குறைந்தது 18 செ.மீ. கேட்கிறது, அதுவே வளர்ந்த எலி முழுதாக நிமிரப் போதாது. பெட்டிகளை உடனே மாற்ற முடியாவிட்டால், 40 செ.மீ. உயரமுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் ஏணி, குழாய், தாள் குவியல் வைத்து, ஒரே பெட்டி எலிகளை மட்டும் சேர்த்து வாரம் இரண்டு மூன்று தடவை அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். அடுத்த கூட்டத்தை விடும் முன் 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து உலர விடுங்கள். பெட்டியில் எத்தனை எலி என்று கணக்கிடும்போது விற்பனைப் பட்டியலில் உள்ள அளவை நம்பாதீர்கள். அது மேல் விளிம்பின் அளவு; பெட்டி கீழே குறுகும். அடித்தளத்தை நாடா வைத்து அளந்து, 300 முதல் 400 கிராம் எலிக்கு 258 சதுர செ.மீ. என்று வகுத்துப் பாருங்கள்.

தீனியில் செய்யக்கூடியது குறைவு. தினத் தீனியில் சிறு பங்கைப் படுக்கையில் தூவித் தேட விடலாம். சர்க்கரை, கொழுப்பு சோதனைகளில் பொரிகடலை, சூரியகாந்தி விதை போன்ற எதுவும் வேண்டாம். சத்தத்துக்கு ஒரு வார்த்தை: கட்டடத்தில் எங்காவது அல்ட்ராசோனிக் எலி விரட்டி மாட்டியிருந்தால் கழற்றி எறியுங்கள். நமக்குக் கேட்காத அந்த ஓசை கூண்டில் அடைபட்ட எலிக்கு ஓயாத அலறல்.

கோடையில் கணக்கு தலைகீழாகும். மின்சாரம் போய், ஜெனரேட்டர் எடுக்காமல், அறை 33, 34 என்று ஏறும்போது எலிக்கு வியர்க்காது. வாலால் சூட்டை வெளியேற்றும், எச்சிலை உடம்பில் பூசி ஆற வைக்கும். மூடிய பிளாஸ்டிக் குடில்களை முதலில் எடுத்துவிடுங்கள். தாள் கூடு இருக்கட்டும், கூரையைச் சுண்டெலியே பிரித்துக்கொள்ளும். பெட்டிக்கு ஒரு சுட்ட ஓட்டுத் துண்டு போட்டால் வயிற்றை அதில் அப்பிக் கிடக்கும். ஈரச் சாக்கைக் கதவில் தொங்கவிட்டு அறையைச் சாத்தாதீர்கள். காற்றில் ஈரம் கூடினால் பூசிய எச்சில் உலராது, சாவு விரைவாகும். பாலூட்டும் தாய்களை முதலில் கவனியுங்கள். அவைதான் முதலில் சாயும்.

இதையெல்லாம் கொடுத்தால் எலிக்கு எலி வேறுபாடு கூடி முடிவு சிதறும் என்பது ஆராய்ச்சியாளர்கள் எழுப்பும் தடை. 2004-இல் மூன்று ஆய்வகங்கள் ஒரே சோதனையை வெறும் கூண்டிலும் வளமான கூண்டிலும் நடத்திப் பார்த்தன, சிதறல் கூடவில்லை. கூடுவது எப்போதென்றால், சில பெட்டிக்குக் கொடுத்து சிலவற்றுக்குக் கொடுக்காதபோதும், சோதனை நடுவில் புதிதாகச் செருகும்போதும்தான். மருந்து கொடுக்கும் கூட்டத்துக்கும் கொடுக்காத கூட்டத்துக்கும் ஒரே பொருள், ஒரே எடை, சோதனைக்குக் குறைந்தது 7 நாள் முன்பிருந்தே. கூட்டுக்குள் இருப்பதால் எலியைப் பார்க்க முடியவில்லை என்பவர்கள் ஒளி ஊடுருவும் சிவப்பு நிறப் பிளாஸ்டிக் குடில் வாங்கலாம்: எலிக்குச் சிவப்பு ஏறக்குறைய இருட்டு, நமக்கு உள்ளே இருப்பது தெரியும்.

இதைப் பத்திரிகைக்கு எழுதக் காரணம் உண்டு. 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்த 1998 விதிகளின்படி, விலங்குச் சோதனை நடத்தும் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு விலங்கு நெறிமுறைக் குழு இருக்கிறது. அதில் விஞ்ஞானி அல்லாத, சமூக அக்கறையுள்ள ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற அலுவலர்கள் எனத் தங்கள் வாசகர்களில் பலர் அந்த நாற்காலியில் உட்காரக்கூடியவர்கள். சோதனைக்கு அனுமதி கேட்கும் படிவம் ‘பி’யில் எழுதியிருக்கும் மருந்தியல் புரியாவிட்டாலும், அனிமல் ஹவுஸைப் பார்வையிடப் போகும்போது அவர்கள் கேட்கக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. பெட்டிக்கு எத்தனை கிராம் கூட்டுப் பொருள், யார் எடை போடுகிறார்கள்? தனியாக அடைத்த எலி எத்தனை, ஒவ்வொன்றுக்கும் என்ன காரணம் எழுதியிருக்கிறது? உமியை எப்போது சலித்தார்கள், ஆட்டோகிளேவ் பதிவேடு எங்கே? பட்டினி போடும் இரவில் எலி எதன்மேல் படுக்கிறது? கூட்டு மதிப்பெண் எழுதிய தாளைக் காட்ட முடியுமா? மே மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மின்சாரம் போனால் யார் வருவார்கள், எத்தனை நிமிடத்தில்? ஆய்வை வெளியிடும்போது இருப்பிட விவரங்களை முழுதாக எழுத வேண்டும் என்று 2010-இல் வந்து 2020-இல் திருத்தப்பட்ட அரைவ் (ARRIVE) என்ற பன்னாட்டு நெறிகளும் கேட்கின்றன. ஆகவே இவை ஆராய்ச்சியாளருக்கும் எப்படியும் தேவைப்படும் விடைகளே. வரும் குழுக் கூட்டங்களில் இவற்றைக் கேட்டு, விடைகளைக் கூட்டக் குறிப்பில் எழுதி வாங்குமாறு அந்த உறுப்பினர்களை வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஆய்வக விலங்குப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ளோர் சிலர்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.